கிளீவ்லாந்துக்கு வரலாமா?

அடிக்கடி யாராவது இன்பாக்ஸில் வந்து கேட்கிறார்கள்: "அண்ணா, கிளீவ்லாந்துல வேலை கிடைச்சிருக்கு. வரலாமா?" டல்லாஸ்காரர் கேட்பார், நியூஜெர்சிக்காரர் கேட்பார், இப்போதெல்லாம் லே-ஆஃபில் மாட்டிய கலிபோர்னியாக்காரர்களும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கிளீவ்லாந்து இருக்கும் ஒஹையோ மாநிலத்துப் பக்கமே வர உத்தேசம் இல்லாதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம்.

இந்த ஊரைப் பற்றி யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் முதலில் திட்டுவார். குளிர், ரோட்டுப் பள்ளம், பிரவுன்ஸ் ஃபுட்பால் அணி என்று வரிசையாக வரும். நீங்கள் மரியாதைக்கு ஆமாம் போட்டால் போச்சு. சட்டென்று கட்சி மாறி, இந்த ஏரி உண்டா, இந்தப் பூங்கா உண்டா என்று உங்களிடமே சண்டைக்கு வருவார். திட்டும் உரிமை அவருக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வந்த நம் ஆட்களோ வேறு பாட்டுப் பாடுவார்கள்: "வீடு என்ன மலிவு தெரியுமா! கலிபோர்னியா பே ஏரியாவில் இந்தக் காசுக்குக் கார் நிறுத்தும் இடம்கூட வராது." கணக்கு சரிதான். ஆனால் ஏன் மலிவு என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் இங்கே வீடு வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

1920ல் அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம் இது. ராக்ஃபெல்லர் 1870ல் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை ஆரம்பித்தது இங்கேதான். எஃகு ஆலை, பெயின்ட், கார் உதிரிபாகம் என்று வேலை கொட்டிக் கிடந்தது. 1950ல் நகர எல்லைக்குள் சுமார் 9,15,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 3,72,000. ஆலைகள் மூடின, வெள்ளையர்கள் புறநகருக்குக் கிளம்பினார்கள், வசதி வந்த கறுப்பினக் குடும்பங்களும் பிறகு கிளம்பின. 1967ல் பெரிய அமெரிக்க நகரம் ஒன்றின் முதல் கறுப்பின மேயராகக் கார்ல் ஸ்டோக்ஸ் ஜெயித்ததும் இங்கேதான். 1978ல் கடனைக் கட்ட முடியாமல் நகர நிர்வாகம் கைவிரித்ததும் இங்கேதான். கூட்டுக் குடும்பம் இருந்த பெரிய வீட்டில் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். கூடம், முற்றம், ஊஞ்சல் எல்லாம் அந்த மூன்று பேருக்கே. கூரை ஒழுகினால் சரிசெய்யும் செலவும் அந்த மூன்று பேருக்கே. இந்த ஊரின் நல்லது கெட்டது இரண்டுமே எனக்கு இங்கிருந்துதான் புரிய ஆரம்பித்தது.

முதலில் நல்லது. கலை அருங்காட்சியகம் 1916ல் திறந்தது. நிரந்தரக் காட்சிகளுக்கு இன்றுவரை அனுமதிச் சீட்டே கிடையாது. நியூயார்க்கில் ஒரு குடும்பம் அருங்காட்சியகம் போய்வர என்ன செலவாகும் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உள்ளே நம் சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. அவர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பது வேறு கேள்வி, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஆனாலும் ஞாயிறு மதியம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர் முன்னால் நிற்க எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. பக்கத்திலேயே செவரன்ஸ் ஹால், கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவின் வீடு. உலகத் தரம் என்று இசை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கர்னாடக சங்கீதம் கொஞ்சம், இளையராஜா நிறைய. அப்புறம் மெட்ரோபார்க்ஸ். 1917ல் தொடங்கி, நகரத்தைச் சுற்றி வளையமாகக் காட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். எந்தப் புறநகரில் இருந்தாலும் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் ஒரு நடைபாதை, ஓர் ஓடை. அதற்கும் கட்டணம் இல்லை. இதெல்லாம் இந்த ஊர் பணக்கார ஊராக இருந்தபோது, ஒன்பது லட்சம் பேருக்காகக் கட்டி வைத்தது. கூட்டம் போய்விட்டது, கட்டியவை நிற்கின்றன. பார்க்கிங் தேடி அலையாமல் நாம் அனுபவிக்கிறோம்.

கெட்டதும் அதே கணக்குதான். அருங்காட்சியகத்திலிருந்தும் புகழ்பெற்ற கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனையிலிருந்தும் சில தெரு தள்ளிப் போனால் ஹஃப், கிளென்வில் பகுதிகள். ஒரு வீடு, இரண்டு காலி மனை, மீண்டும் ஒரு வீடு. 2008ஐ ஒட்டிய கடன் நெருக்கடியில் ஜப்தியாகிக் கைவிடப்பட்ட வீடுகளை வாங்கி இடிக்கவோ சீரமைக்கவோ 2009ல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் ஒரு நில வங்கி அமைத்தார்கள். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் வறுமை அதிகமான ஊர்கள் பட்டியலில் கிளீவ்லாந்து பெயர் அடிக்கடி மேலேயே இருக்கும். நம் ஆட்கள் "அந்தப் பக்கம் போகாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள்தான் நாம் போகும் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார்கள்.

நதி எரிந்த கதையைச் சொல்லாமல் கிளீவ்லாந்தைப் பற்றி யாரும் எழுதியதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். 1969 ஜூன் 22 அன்று கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெயும் குப்பையும் தீப்பிடித்தன. அது அரை மணி நேரத்தில் அணைந்த சின்னத் தீ. அதற்கு முன்னால் பல தடவை எரிந்திருக்கிறது, 1952ல் எரிந்தது இதைவிடப் பெரிது. ஆனால் 1969ல் நாடே சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்த நேரம். 1972ல் சுத்த நீர்ச் சட்டம் வந்ததற்கு இந்த ஆறும் ஒரு காரணம். இன்று அதில் மீன் இருக்கிறது, துடுப்புப் படகு போகிறது. ஆனாலும் கேலி செய்பவர்கள் விடுவதாக இல்லை.

அந்த ஆறுதான் ஊரைக் கிழக்கு மேற்கு என்று பிரிக்கிறது. புதிதாக வந்தவரிடம் இங்கே முதலில் கேட்கும் கேள்வி "ஈஸ்ட் சைடா, வெஸ்ட் சைடா?" சும்மா பேச்சுக்கு என்று நினைக்காதீர்கள். மேற்கே ஐரிஷ், ஜெர்மன், போலிஷ், உக்ரைனிய வேர்கள். கிழக்கே யூதர்கள், கறுப்பின மக்கள், பழைய பணக்காரர்கள், கிளினிக், பல்கலைக்கழகம். அந்தப் பக்கம் பிறந்தவர் இந்தப் பக்கம் வீடு வாங்குவது இன்றும் அபூர்வம். நம்மவர்களில் கிளினிக் பக்கம் வேலை பார்ப்பவர்கள் சோலன், பீச்வுட், மேஃபீல்ட் என்று கிழக்கே இருப்பார்கள். சிவா விஷ்ணு கோயில் இருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்மாவில். பிரதோஷத்துக்குப் போக வேண்டும் என்றால் நெடுஞ்சாலைதான். அந்தப் பயணத்தைக் கணக்குப் போட்டே ஸ்ட்ராங்க்ஸ்வில் பக்கம் வீடு வாங்கிய குடும்பங்களும் உண்டு.

பனியும் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் விழும். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று ஈரி ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிழக்கே உள்ள மேட்டு நிலத்தில் ஏறும்போது கொட்டிவிடும். மேற்கே விமான நிலையம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 60 அங்குலம். கிழக்கே சார்டன் பக்கம் 100ஐத் தாண்டும். பெரிய ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர். அதனால் கடும் குளிரில் சீக்கிரம் உறைந்துவிடும்; உறைந்த பிறகு பனி கொஞ்சம் குறையும். ஆக, டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் கிழக்கத்திக்காரர்களுக்கு நடு முதுகு பிடிக்கும். ஸ்னோ ப்ளோயர் வாங்குவதை நவம்பர் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் பனியைவிட மோசம் மேகம். பனிக்குக் கோட்டு உண்டு, பூட்ஸ் உண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வானம் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடுவதற்கு மருந்து இல்லை. இதில் என் மனைவிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் வேலைக்குப் போய்விடுவேன், எனக்கு வானம் தெரியாது. அவள் வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில், கார் ஓட்டவும் பழகாமல், முதல் குளிர்காலத்தை அபார்ட்மென்ட் ஜன்னலோரம் கழித்தவள். "உங்க ஊர்ப் புராணத்துல அதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். எச்4 விசாவில் மனைவியையோ கணவரையோ அழைத்து வருபவர்கள் வீடு பார்ப்பதற்கு முன்னால் அவர்களுக்கு டிரைவிங் வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். ரெட் லைன் ரயில் 1968லேயே விமான நிலையத்துக்கும் டவுன்டவுனுக்கும் ஓடியது, வட அமெரிக்காவிலேயே முதலில். பெருமைதான். ஆனால் உங்கள் புறநகருக்கு அது வராது.

இனி பணம். ஒஹையோவில் வீட்டின் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. கிளீவ்லாந்து இருக்கும் கயஹோகா கவுண்டியில் மட்டும் 59 உள்ளாட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மேயரோ வாரியமோ, பெரும்பாலானவற்றுக்குத் தனி போலீஸ் என்று ஏகப்பட்ட அலுவலகங்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வரி மாறும். பல புறநகர்களில் சொத்து வரி வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டும். ஷேக்கர் ஹைட்ஸ் இந்த விஷயத்தில் மாநிலத்திலேயே முன்வரிசை. மரங்களும் வீடுகளும் கண்ணைப் பறிக்கும், வரிச் சீட்டு வந்ததும் கண் தெளிந்துவிடும். இது போக நகர வருமான வரி. வேலை செய்யும் ஊருக்கும் கட்ட வேண்டும், குடியிருக்கும் ஊருக்கும் கட்ட வேண்டும். வீட்டு ஊர் எவ்வளவு கழித்துக்கொடுக்கும் என்பது ஊருக்கு ஊர் வித்தியாசம். கிளீவ்லாந்து நகரத்தின் விகிதம் 2.5 சதவீதம். டெக்சாஸிலிருந்து வருபவர்கள் மாநில வருமான வரியே பழக்கம் இல்லாதவர்கள், ஊர் வரி என்று கடிதம் வந்தால் யாரோ மோசடிக்காரர் அனுப்பியது என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு வரி என்றால், பள்ளிக்கூடம். 1997ல் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளிகளை இப்படிச் சொத்து வரியை நம்பி நடத்துவது மாநில அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனாலும் அந்த ஏற்பாடு இன்னும் பெருமளவு அப்படியே இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: 1976லிருந்து உள்ள ஒரு சட்டப்படி, வீட்டு மதிப்பு ஏறினாலும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்த வரியில் பள்ளிக்கு வரும் தொகை அவ்வளவாக ஏறாது. ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை பள்ளி நிர்வாகம் "இன்னும் கொஞ்சம் தாருங்கள்" என்று தேர்தலில் நின்றாக வேண்டும். தெருவெல்லாம் புல்வெளியில் பலகை நட்டு ஆதரவு, எதிர்ப்பு. பிள்ளைகள் படித்து முடித்தவர்கள் எதிர்ப்பார்கள், பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் ஆதரிப்பார்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நமக்கு ஓட்டு இல்லை, வரி மட்டும் உண்டு. சோலன் பள்ளிகளுக்கு நல்ல பெயர் என்பதால் நம் கூட்டம் மொத்தமாக அங்கே போகிறது, அதனாலேயே அங்கே வீடு அவ்வளவு மலிவில்லை. மலிவு மலிவு என்று சொல்லும் ஊரில், எல்லோரும் வாங்க விரும்பும் தெருவில் மலிவு கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: புவி சூடாகிறது, பெரிய ஏரிகள் பக்கம் போனால் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, புயல் இல்லை, தப்பித்துவிடலாம் என்று. பாதி உண்மை. அரிசோனாப் பாலைவனத்து பீனிக்ஸை நினைத்தால் இது சொர்க்கம். ஆனால் 2014 ஆகஸ்டில் இதே ஏரியின் மேற்கு ஓரத்தில் உள்ள டொலிடோவில், பாசி நச்சு கலந்ததால் ஐந்து லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் கடையில் பாட்டிலுக்கு நின்றார்கள். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை இங்கே வந்து உட்கார்ந்தது. எந்த ஊரும் ஒதுங்கி நிற்கவில்லை.

தமிழ் விஷயம் கேட்பீர்கள். 1978ல் சின்னதாக ஆரம்பித்த தியாகராஜ ஆராதனை இன்று ஈஸ்டரை ஒட்டிப் பத்து நாளுக்கு மேல் நடக்கிறது. சென்னையின் மார்கழிக் கலைஞர்களில் பாதிப் பேர் அப்போது இங்கே. அந்த வாரங்களில் வந்து பார்த்துவிட்டு, ஊரே இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மற்ற மாதங்களில் நாங்கள் சிறிய கூட்டம். பொங்கல் விழாவில் போன வருடம் பார்த்த அதே முகங்கள். எனக்கு அது பிடிக்கும். சிலருக்கு மூச்சு முட்டும். சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. 2014ல் யுனைடெட் தன் மையத்தை இங்கிருந்து எடுத்துவிட்ட பிறகு, வேறு பல ஊர்களுக்குப் போகவும் எங்காவது இறங்கி ஏற வேண்டும்.

சரி, வரலாமா? தனி ஆள், வயது இருபத்தைந்து, ராத்திரி பதினொன்றுக்கும் தெருவில் ஆட்கள் வேண்டும் என்றால் சிகாகோ போங்கள். மருத்துவத் துறை, இன்ஷூரன்ஸ், ஆராய்ச்சி என்று இங்கே நிலைக்கும் வேலை, சின்னக் குழந்தைகள், அவசரமில்லாத வாழ்க்கை என்றால் தாராளமாக வாருங்கள். ஐடி ஆட்கள் மட்டும் ஒன்றை யோசிக்க வேண்டும்: இந்த வேலை போனால் இதே ஊரில் அடுத்தது கிடைக்க நாளாகும், விசாக் கெடு அதுவரை காத்திருக்காது.

வீடு பார்க்க அக்டோபரில் வராதீர்கள். இலை நிறம் மாறும் மாதத்தில் எல்லா வீடும் அழகுதான். பிப்ரவரியில் வாருங்கள். 1978க்கு முன்னால் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் சோதனை கேளுங்கள், குழந்தை இருந்தால் கண்டிப்பாக. ஏஜென்ட் கிச்சனைக் காட்டும்போது நீங்கள் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிச் சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று கேளுங்கள். எந்த ஊர் நல்லது என்று கீழே கமெண்டில் கேட்பவர்கள், வேலை ஆற்றுக்கு எந்தப் பக்கம், பிள்ளை எந்த வகுப்பு என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அது தெரியாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.