பெட்டிக்குள்ளேயே தீர்ந்துபோன ஆறு மாதம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆதம்பாக்கம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு மொட்டை மாடியில் காயவைத்த சாமான்களில் சித்தப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டியும் ஒன்று. மேல்மூடியில் வெள்ளை பெயிண்டில் அவருடைய ஆர்மி நம்பர். உள்ளே கம்பளி சாக்ஸ், ஒரு மெடல், நாலாக மடித்த பாலிதீன் கவரில் ஒரு கடிதம். வீட்டில் எல்லாம் ஊறிப்போயிருக்க, அந்தக் கடிதம் மட்டும் நனையவில்லை.

2002-இல் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே பத்தி. உங்கள் நோய் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை, ஆகவே ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது. சம்மதம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சித்தப்பா ஒன்பது வருட சர்வீஸுக்குப் பிறகு, 2001-இல், ராணுவ டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு பணிக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பியவர். மனச்சிதைவு நோய். ஊருக்கு வந்த புதிதில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே பின்கட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வார். திரும்பவும் எல்லைக்குக் கூப்பிட ஆர்டர் வந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு ஆங்கிலக் கடிதம் வருகிறது, ஆறு மாதக் கெடுவோடு. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. பத்திரமாகக் கவரில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அவரை மட்டும் சொல்லி என்ன செய்ய? சித்தி எட்டாம் வகுப்பு. நான் அப்போது கல்லூரியில், ஆங்கிலம் தெரிந்தவன். ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்டதில்லை. "மூளை கலங்கி வந்தவருக்கு எவன் பென்ஷன் தருவான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டியிருந்தோம்.

அந்த நிராகரிப்புக்கு மிலிட்டரிக்காரர்கள் 'நானா' என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து. எங்கள் தெருவில் இருந்த ரிட்டையர்டு சுபேதார் ஒருவர் கடிதத்தைப் பார்த்ததும், "நானாவா, அதெல்லாம் உடைக்கலாம் தம்பி" என்றார். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்தான் விளக்கினார். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், ஆள் நல்ல உடம்போடுதான் வந்தார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் வேலை, சிப்பாயின் வேலை இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்க முதலில் வாசலைத் தாண்ட வேண்டுமே. துறைக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் இரண்டாவது, அதற்கும் பிறகுதான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆறு மாதக் கெடுதான். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள்.

2016-இல் மனு போட்டோம். சுமார் பதினாலு வருடத் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். வக்கீல் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எந்த நோய்க்காகப் பென்ஷன் கேட்கிறோமோ அதுதானே காரணம்!

இப்படித் தாமதத்தை மன்னிக்கும் தாராளம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இன்னொரு வேடிக்கை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1987-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் கதீஜி தீர்ப்பு. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்றால் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கக்கூடாது என்று நீதிபதிகள் கேலியாகக் கேட்டது அதில்தான். அந்த வழக்கில் நாலு நாள் தாமதமாக வந்தவர் யார் தெரியுமா? நில எடுப்புக் கலெக்டர். அரசாங்கம்!

சரி, எங்கள் தாமதமும் மன்னிக்கப்பட்டது. நாற்பது சதவீத ஊனம், அதை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிட்டு பென்ஷன் வந்தது. தீர்ப்பாயத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் அரியர்ஸ் கணக்கின் மேல். 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. அவர் 1983-இல் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டு 1999-இல் கோர்ட்டுக்குப் போனவர். மாதாமாதம் பென்ஷன் தராமல் இருப்பது தொடர்கிற தவறு, அதனால் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் வழக்கு நிற்கும். ஆனால் பழைய பாக்கி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டுமே. சித்தப்பாவுக்கு 2013-இலிருந்து கொடுத்தார்கள். 2001-இலிருந்து அதுவரை பன்னிரண்டு வருடம் போனது போனதுதான். சித்தி அப்பள கம்பெனிக்கு வேலைக்குப் போன வருடங்கள் சரியாக அவைதான்.

வாசலில் மன்னிப்பார்கள், கல்லாவில் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவிலும் இதே கதை. டேவிட் ஹென்டர்சன் என்ற கொரியப் போர் வீரர், அவருக்கும் மனச்சிதைவு நோய். 120 நாள் கெடுவை 15 நாள் தவறவிட்டார் என்று முன்னாள் படைவீரர்களுக்கான நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அந்தக் கெடு அப்படி இரும்புக் கதவு இல்லை என்று 2011-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஹென்டர்சன் இறந்து நாலு மாதம். மனைவிதான் வழக்கை நடத்தினார். பிறகு 2023-இல் அரெல்லானோ என்ற கடற்படைக்காரர். பணியிலிருந்து வந்த ஒரு வருடத்துக்குள் மனு செய்தால்தான் வெளியேறிய மறுநாளிலிருந்து பணம் என்பது அங்கே சட்டம். அவர் வந்தது முப்பது வருடம் கழித்து. மனநோய்தான் என்னை வரவிடவில்லை என்றார். நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் முடியாது என்றார்கள்.

மூன்று வருட வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்தவருக்கு அது நியாயமாகவே இருக்கட்டும். மெடிக்கல் போர்டே மனநோய் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஆளுக்கு அதே வரம்பா? அவர் சார்பில் குடும்பத்தில் ஒருவருக்குத் தமிழில் எழுதி, கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் போட்டு, கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து கெடுவை எண்ணட்டும். அப்படிச் செய்யாத வருடங்களின் பாக்கியை முழுசாகக் கொடுக்கட்டும். தாமதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று ராணுவ விதி இருக்கிறது. அந்த வெள்ளம் இன்னும் பன்னிரண்டு வருடம் கழித்து வந்திருந்தால் சித்தப்பாவின் மெடிக்கல் போர்டு பேப்பரே மிஞ்சியிருக்காது.

இப்போது சித்தப்பாவுக்கு மாத்திரையில் ஓரளவு தெளிவு. நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றுக்கு ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுவார். போன வாரமும் இரவு பத்தரை மணிக்கு போன். "தேதி தாண்டிடலையே?"