சங்கத்தில் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

எங்கள் பிசியோதெரபி சங்கத்தில் உறுப்பினர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாழ்த்து. எனக்கும் சந்தோஷம்தான். பதினோரு பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்று நினைத்த காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். ஆனால் போன வாரம் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. சத்துவாச்சாரி, காட்பாடி, காந்தி நகர், பாகாயம், மறுபடியும் சத்துவாச்சாரி. எல்லாமே வேலூர் டவுனைச் சுற்றித்தான். பேரணாம்பட்டில் ஒரே ஒருவர். ஒடுகத்தூரிலும் ஆலங்காயத்திலும் யாருமே இல்லை.

பேரணாம்பட்டில் இருக்கும் அந்த ஒருவர் சின்னப் பெண். படித்து முடித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து கிளினிக் வைத்திருக்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள். காலையிலிருந்து இருட்டும்வரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பவர்கள். கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாமே வலி. "ரெண்டு வாரம் வேலைய நிறுத்துங்க" என்று அவர்களிடம் சொல்ல முடியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, சுற்றினால்தான் காசு. அதனால் அவள் செய்ததைப் பாருங்கள். சுவரில் முதுகு சாய உட்காரவைத்து, இடுப்புக்கு அடியில் ஒரு மணையைப் போட்டாள். பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மேல் முறத்தை ஏற்றிவைத்தாள். இருபத்தைந்து பீடி சேர்த்து ஒரு கட்டு கட்டும்போதெல்லாம் தோளைத் தளர்த்தி, விரல்களை நன்றாக விரித்து மூடச் சொன்னாள். எந்தப் பாடப் புத்தகத்திலும் பிஸ்கட் டின் இல்லை. வேலூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தோன்றியிருக்காது என்று மனதாரச் சொல்கிறேன்.

அவள் சங்கத்தில் சேர்ந்தது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு போன். பொதுத் தோழி ஒருத்தியிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறாள். "மேடம், ஒருத்தர் முதுகு வலின்னு வந்திருக்கார். பாரம் தூக்குறவர். சுளுக்குன்னு ரெண்டு இடத்துல எண்ணெய் போட்டு இழுத்துட்டு இப்ப இங்க வந்திருக்கார். தொடைக்கு நடுவுல மரத்துப்போயிருக்குங்கறார்." சிறுநீர் போனாரா என்று கேட்டேன். மத்தியானத்திலிருந்து போகவில்லையாம். "கை வைக்காதம்மா. இப்பவே வண்டி பிடிச்சு வேலூருக்கு அனுப்பு. என்ன அறிகுறின்னு ஒரு தாளில் எழுதிக் கொடு" என்றேன். முதுகெலும்பின் அடியில் வால்போல் கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்கினால் வருகிற அடையாளம் அது. நேரம் போகப் போக, கால் பலத்தையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் திரும்பப் பெறும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அன்று இரவே அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இன்றைக்கு நடக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. படித்திருக்கிறாள், சந்தேகமும் சரியாகத்தான் பட்டிருக்கிறது. எதிரே வலியில் துடிக்கிற மனிதர், சுற்றிலும் "ஏதாவது பண்ணுங்க" என்று நிற்கிற சொந்தக்காரர்கள். அந்த நேரத்தில் "நீ நினைக்கிறது சரி" என்று சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த ஒரு போன்தான். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் டி.ஓ. படித்த மருத்துவர். ஆஸ்டியோபதி. காட்பாடியில் சொந்தக்காரர்கள் "அப்ப டாக்டர் இல்லையா? எலும்பு வைத்தியமா?" என்று கேட்டுக் கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அங்கே டி.ஓ. என்றால் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். கூடவே, கையால் தசையையும் மூட்டையும் சரிசெய்யும் பயிற்சியும் உண்டு. அவள் சொன்ன கலிஃபோர்னியா கதைதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது.

1960களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தின் ஆஸ்டியோபதி சங்கம் எம்.டி. மருத்துவர்களின் சங்கத்தோடு இணைய ஒப்புக்கொண்டது. அங்கே எம்.டி. என்பது மேற்படிப்பு இல்லை, வழக்கமான மருத்துவப் பட்டம். 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம். சுமார் 2,000 பேர் மாற்றிக்கொண்டார்கள். 1962இல் நடந்த வாக்கெடுப்போடு புது டி.ஓ.க்களுக்கு உரிமம் கொடுப்பதும் நின்றது. மாட்டேன் என்று நின்றவர்கள் சில நூறு பேர்தான். அவர்கள் தனிச் சங்கமாகக் கூடி விடாமல் நின்றார்கள். 1974இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டி.ஓ.க்களுக்கு மறுபடி உரிமம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. "அத்தை, பெரிய சங்கம் கையெழுத்து போட்டுட்டுப் போயிடுச்சு. சின்னச் சங்கம்தான் நின்னுச்சு" என்றாள். நாங்கள் மருத்துவர்கள் இல்லை, அவர்கள் வழக்கு வேறு, எங்கள் வேலை வேறு. ஆனாலும் எங்கள் குழுவில் வாழ்த்து குவியும்போதெல்லாம் இந்தப் பேச்சுதான் காதில் விழுகிறது.

வேலூருக்கு இப்படி விடாமல் நிற்பது புதுசும் இல்லை. 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததற்குக் காரணம் அவர். அதே பாகாயத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்களுக்கு நாங்கள் இன்னும் போகவில்லையே என்பதுதான் என் வருத்தம். 1989இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019இல் வேலூரே மூன்று மாவட்டமானது. எங்கள் கூட்டம் மட்டும் வேலூர் டவுனைத் தாண்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பத்தூர்க்காரர் இங்கே வந்து சேர வேண்டுமானால் எத்தனை மணிக்கு பஸ் ஏற வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

சரி, பேசியது போதும். வரும் கூட்டத்தைப் பேரணாம்பட்டிலேயே, அந்த மருந்துக் கடை மாடியில் வைப்போம் என்று கேட்டிருக்கிறேன், செயற்குழு ஒத்துக்கொண்டது. அன்றைக்கு அவள் பேசுவாள், நாங்கள் கேட்போம். இரவு நேர போனுக்கு முறைவைத்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஒடுகத்தூர், ஆலங்காயம், அணைக்கட்டு பக்கம் தனியாக கிளினிக் நடத்துகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். உறுப்பினர் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, சும்மா வரட்டும். காட்பாடியிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்புகிறேன். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.