பிரிட்டனின் முதல் தொழிலாளி அமைச்சர் யார்?

"பிரிட்டனில் ஒரு தொழிலாளி முதன்முதலில் அமைச்சரானது 1924-இல், தொழிற்கட்சி ஆட்சியில்தான்" என்று ஒரு பதிவு சுற்றிவருகிறது. அது தவறு.

1886-லேயே பிரதமர் கிளாட்ஸ்டன் அரசில் உள்துறைத் துணை அமைச்சரானவர் ஹென்றி பிராட்ஹர்ஸ்ட். உளியும் சுத்தியலும் பிடித்த கல்தச்சர். லண்டன் நாடாளுமன்ற மணிக்கூண்டு வேலையில் கல் செதுக்கியவர். 1872-இல் கல்தச்சர் போராட்டத்தில் முன்னுக்கு வந்து, 1875-இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸின் நாடாளுமன்றக் குழுச் செயலாளரானார். கட்சி? லிபரல். தொழிற்கட்சி அப்போது பிறக்கவே இல்லை.

எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை அவர் எதிர்த்தது எனக்கும் உறுத்தல்தான். அதற்காகப் பெயரையே அழிப்பது நியாயமில்லை.

சரி, கேபினட் அமைச்சர் என்று பார்த்தாலும், 1905-லேயே பொறியியல் தொழிலாளி ஜான் பர்ன்ஸ் வந்துவிட்டார்.