மாலை ஆறு மணிக்கே ஊத வையுங்கள்
அபராதத்தை இன்னும் உயர்த்தினால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது தானாகக் குறையும் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2019 சட்டத் திருத்தத்திலேயே முதல் முறைக்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் ஆகிவிட்டது. ஆனால் பிடிபட்டால்தானே அதெல்லாம்? எங்கள் ஊரில் சோதனை என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான், அதுவும் பைபாஸ் பிரிவில் மட்டும். டாஸ்மாக் கடை திறப்பதோ மதியம் 12 மணிக்கு. போன ஆடி மாதம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய என் சித்தப்பாவை ஒருவன் பைக்கில் வந்து மோதியது மாலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் டியூஷன் விட்டு சைக்கிளில் வரும் நேரம். உருண்டு கிடந்த பால் கேனை எடுத்து நிமிர்த்தக்கூட அவனுக்குக் கை நிற்கவில்லை. சித்தப்பா இன்னும் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் ரோட்டோர மதுக்கடைகளை மூடினால் போதும் என்கிறார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எங்கள் ஊர்க் கடை உள்ளே தள்ளிப் போனது, அவ்வளவுதான். குடித்தவர்கள் அதே வண்டியில் அதே ரோட்டுக்குத்தான் வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில் தொடங்கிய முறையைப் பாருங்கள். சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, நிறுத்தப்படுகிற ஓட்டுநர், குடித்திருக்கிறாரா என்று மூச்சை வைத்துக் காட்டும் கருவியில் ஊதியே ஆக வேண்டும். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்பது தெரியாது. அந்தப் பயம்தான் அங்கே சாவுகளைக் குறைத்தது. இங்கேயும் மாலை ஆறு மணிக்கே, சந்து ரோடுகளிலும் போலீஸ் கருவியோடு நிற்கட்டும், ஆளுக்கொரு புதுக் குழாய் மாட்டி எல்லோரையும் ஊத வைக்கட்டும்.