கரடியும் நாற்காலியும் ஏன் தப்பு, மிஸ்?

போன வாரம் மகளின் ஒர்க்‌ஷீட் திருத்தி வீட்டுக்கு வந்தது. ஒன்றாம் வகுப்பு. ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை ஜோடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதில் மூன்று ஜோடிகளைப் பற்றி மட்டும் இங்கே புலம்பப் போகிறேன். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

மாட்டுக்கு 'கௌ', தாழ்வுக்கு 'லோ'. இந்த ஜோடிக்கு டிக். கரடிக்கு 'பேர்', நாற்காலிக்கு 'சேர்'. இதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மட்டைக்கு 'பேட்', பைக்கு 'பேக்'. இதற்கும் பெருக்கல் குறி.

மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கௌவும் லோவும் எங்கே சேர்கின்றன? பேரும் சேரும் எங்கே பிரிகின்றன?

விஷயம் என்னவென்றால், அந்தத் தாளில் ரைம் என்பதை 'குடும்பம்' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓ-டபிள்யூ குடும்பம், ஏ-டி குடும்பம் என்று. கௌ, நௌ, லோ, ஸ்நோ நான்கும் ஒரே கட்டத்தில் குடியிருக்கின்றன. கரடி இ-ஏ-ஆரில் முடிகிறது, நாற்காலி ஏ-ஐ-ஆரில் முடிகிறது. வேறு வேறு குடும்பம், ஆகவே தப்பு. காதால் கேட்டு எழுதிய விடைக்கு அடி, கண்ணால் பார்த்து எழுதிய விடைக்கு டிக்.

பெற்றோர் கூட்டத்தில் மிஸ்ஸிடம் கேட்டேன். நல்ல பெண், சண்டைக்கு வரவில்லை. தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "சார், ஆன்சர் கீ அப்படித்தான் இருக்கு" என்று சிரித்தார். நாற்பது தாளைத் திருத்துகிறவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? என் கோபம் அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் மேல்தான். ஆங்கிலத்தில் எழுத்தை நம்பி ரைம் சொல்லித் தருவது, வரைபடத்தை நம்பி எங்கள் பெங்களூரின் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சிக்னலைக் கடக்க நேரம் குறிப்பது மாதிரி.

ஒரே ஓ-யூ-ஜி-எச்சைப் பாருங்கள். 'தோ' கோவோடு சேரும். 'த்ரூ' டூவோடு சேரும். இருமலுக்கான 'காஃப்' ஆஃபோடு, 'ரஃப்' ஸ்டஃபோடு. மரக்கிளைக்கு ஒரு 'பௌ' இருக்கிறது, அது நம் மாட்டோடு போய் நிற்கும். எழுத்து ஒன்று, ஒலி ஐந்து. ஆர்-ஓ-டபிள்யூ இன்னும் மோசம்: 'ரோ' என்று படித்தால் வரிசை, 'ரௌ' என்று படித்தால் சண்டை. ஒரே சொல்லே இரண்டு குடும்பத்தில் கால் வைத்திருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் போட்டார். அதன்பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. நாக்கு உறையவில்லை. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 'ஒபே'யோடு தேநீரை ரைம் சேர்த்திருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை, அப்போது அதை 'டே' என்றும் சொல்வார்கள். சீனத்து ஃபூஜியன் கரையில் அதற்குப் பெயர் 'தே'. ஆங்கிலேயர் டீ என்று மாற்றிக்கொண்டார்கள். தேயிலை என்றும் தேநீர் என்றும் சொல்லி அந்தப் பழைய தே-யை நாம்தான் விடாமல் வைத்திருக்கிறோம்.

சரி, மூன்றாவது ஜோடிக்கு வருகிறேன். பேட், பேக். பள்ளி கேட்ட கணக்குப்படி இது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் அப்படி எழுதினாள் என்று யோசித்தபோது என் அம்மாதான் பிடித்தார்.

அம்மா வாணியம்பாடியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன தப்பு? பேத்தி மோனை போட்டிருக்கா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் வள்ளுவர் சிலை வரை தினம் சாயங்காலம் ஆயாவும் பேத்தியும் நடப்பார்கள். (18 வருஷம் மூடியே வைத்திருந்து 2009 ஆகஸ்டில் திறந்தார்களே, அதே சிலைதான்.) அங்கே உட்கார்ந்து ஆயா ஒரு குறள் சொல்வார், இவள் திருப்பிச் சொல்வாள். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்று நான்கு சொல்லும் க-வில் தொடங்கும் வரியை ஆறு மாதமாகச் சொல்லி வந்த பிள்ளைக்கு, ஒலி ஒற்றுமை என்றால் சொல்லின் தலையில் இருப்பது என்றுதான் தோன்றும். அடுத்த அடி 'நிற்க' என்று தொடங்குகிறது. கற்க, நிற்க. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. ஆங்கிலக் காதுக்கு இது முழு ரைம் ஆகாது, முதல் எழுத்தின் உயிரொலி வேறு. ஆனாலும் அவர்கள் அடியின் வாலில் கட்டுவதை நாம் தலையில் கட்டியிருக்கிறோம்.

வாலில் கட்டுவது நமக்குத் தெரியாததல்ல. அதற்கு இயைபு என்று பெயரே உண்டு, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் தமிழில் அது கொஞ்சம் மலிவுச் சரக்கு என்பது என் கருத்து. வந்தான், போனான், தின்றான், தூங்கினான்: பாருங்கள், நான்கு வினைமுற்றுகளை வரிசையாக வைத்தால் தானாகவே ரைம் வந்துவிடுகிறது. எவன் வேண்டுமானாலும் கவிஞன் ஆகலாம், முகநூலில் ஆகிக்கொண்டும் இருக்கிறார்கள். சொல்லின் வேர் தலைப்பக்கம் இருக்கிறது, கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. அதனால் நம் புலவர்கள் அங்கே கட்டினார்கள். ஆங்கிலம் தன் விகுதிகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்ட மொழி. அதற்கு வால்வரை வேர்தான். அங்கே கடைசி ஒலி பொருந்துவது ஒரு சாமர்த்தியம்.

இதில் வேடிக்கை, ஆங்கிலமும் முதலில் நம் கட்சியாகத்தான் இருந்தது. பழைய ஆங்கிலப் பாட்டில் வால் ரைம் விதி கிடையாது. ஓர் அடியின் அழுத்தமான சொற்கள் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும், அதுதான் கட்டு. 1066-இல் நார்மண்டிக்காரர்கள் வந்து, பிரெஞ்சுப் பாட்டின் பழக்கம் பரவிய பிறகுதான் கடைசி ஒலி அங்கே ராஜா ஆனது. ஆக, என் மகளின் பேட்–பேக்கை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலப் புலவர் திருத்தியிருந்தால் டிக் போட்டிருப்பார்.

கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அம்மா எதுகையை அவருக்கு விளக்க, அவர் பாதியிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மல்லூ இதெ ரீ!" என்றார். பழைய கன்னடச் செய்யுளிலும் ஒவ்வோர் அடியின் இரண்டாம் எழுத்தும் ஒன்ற வேண்டுமாம். ஆதிபிராசம் என்று பெயர். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டுச் சொல்லிக்கொண்டார்கள். குக்கர் ஆறு விசில் அடித்ததை நான்தான் போய் நிறுத்தினேன்.

பள்ளி குறளை ஆங்கில வகுப்பில் நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரைமைச் சொல்லித் தரும்போது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயால் சொல்லச் சொல்லுங்கள் என்கிறேன். கௌ, லோ என்று சொல்லிப் பார்த்த குழந்தைக்கு ஆன்சர் கீ தேவைப்படாது. எழுத்துக்கூட்டலை அப்புறம், வேறு ஒரு நாளில், வேறு ஒரு பாடமாகச் சொல்லித் தரலாம்.

காதுக்கும் வம்பு உண்டுதான், மறைக்க மாட்டேன். அம்மாவின் வாயில் பூனையும் கேட்டு, வாசல் கதவும் கேட்டு. அவருக்கு இரண்டும் ரைம் மட்டுமல்ல, ஒரே சொல். ஏ-பி-சி-டி பாட்டைப் பாருங்கள். 1835-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பதிவான பாட்டு அது. ஜி, பி, வி என்று ஈ-யில் முடிந்து முடிந்து வந்து, கடைசியில் 'ஸீ' என்று இறங்கினால்தான் 'மீ'யோடு பொருந்தும். நம் பிள்ளைகள் அங்கே 'இசட்' என்று ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்குகிறார்கள். என் மகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வாள்.

நேற்று இரவு அவளிடம் கொஞ்சம் மேதாவித்தனம் காட்டலாம் என்று, ஆங்கிலத்தில் ஆரஞ்சுக்கு ரைமே கிடையாது தெரியுமா என்றேன். வேல்ஸ் நாட்டில் பிளாரஞ்ச் என்று ஒரு மலை இருக்கிறது, அந்த ஒரு பெயர்தான் தேறும் என்றும் சொன்னேன். நாரத்தை எப்படி அரபு, ஸ்பானிய ஊர்களெல்லாம் சுற்றி ஆரஞ்சு ஆனது என்று அடுத்து ஆரம்பிப்பதாக இருந்தேன். மகள் கேட்கவில்லை. ஆயாவின் பக்கம் திரும்பி, "ஆயா, ஆரஞ்சுக்கு நீ சொல்லு" என்றாள்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"ஈரஞ்சு பத்து, கண்ணு."