நான்கு ஆட்டத் தீர்ப்பும் காணாமற்போன பதிவும்

எந்தப் பதிவைப் பற்றி எழுதுகிறேன் என்பது நம் வட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகையால் பெயர் சொல்லப்போவதில்லை. 2025 நவம்பர் 26, புதன்கிழமை இரவு இந்தியானா அணியை இரண்டு புள்ளிகளால் வென்று, நம் ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் தொடர்ச்சியாக ஒன்பதாவது வெற்றியைப் பெற்ற அரைமணி நேரத்துக்குள், "நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், இந்த அணி வேறு மாதிரி" என்று ஒருவர் எழுதினார். அவர் ஆரம்பத்தில் என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது என்றாலும், என் நினைவில் பிழை இருக்கக்கூடாதே என்று அவருடைய பக்கத்தில் ஒக்டோபர் மாதம் வரைக்கும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தீபாவளிப் படங்கள் இருக்கின்றன. நம் ஊர்ப் பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒக்டோபர் 27ஆம் திகதி இரவு எழுதிய அந்த நீளமான பதிவை மட்டும் காணவில்லை.

அந்தப் பதிவில் என்ன இருந்தது என்பதை வாசித்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அணியின் முக்கிய வீரர் ஸ்கொட்டி பார்ன்ஸை விலை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும். புதிதாக வந்த வீரர் பிரண்டன் இங்ரமுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்த 120 மில்லியன் டொலரைத் தண்டம் என்று எழுதிவிட வேண்டும். பயிற்சியாளர் ரயாகோவிச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு நல்ல இளம் வீரர் ஒருவர் கிடைப்பதற்காக (கடைசியில் நிற்கும் அணிகளுக்கே முன்னால் தெரிவுசெய்யும் வாய்ப்புக் கூட) இப்போதிருந்தே தோற்கத் தொடங்க வேண்டும். இவ்வளவும் எத்தனை ஆட்டங்களைப் பார்த்த பிறகு? நான்கு. ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடுவது 82 ஆட்டங்கள். நான்கு என்பது நூற்றுக்கு ஐந்து வீதம்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து ஹூஸ்டனிடமும் தோற்று, ஒரு வெற்றி, நான்கு தோல்வி, 1–4 என்று ஆனபோது, அதே பதிவின் கீழே "சொன்னேனா இல்லையா?" என்று அவரே ஒரு கருத்தும் போட்டிருந்தார். சொன்னீர்கள் தம்பி. அதைத்தான் நானும் சொல்கிறேன்: சொன்னீர்கள்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். போதும், ஆனால் உலை கொதித்த பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். அரிசியைப் போட்ட கையோடு ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, இது வேகாத அரிசி என்று பானையைத் தூக்கி வெளியே ஊற்றுகிறவரைச் சமையல் தெரிந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்ரம் பெப்ரவரியில் இங்கே வந்தபோதே கணுக்காலில் காயத்தோடு வந்தவர். சென்ற பருவத்தில் ராப்டர்ஸ் சட்டையோடு அவர் ஒரு நிமிடமும் ஆடவில்லை. அவரும் ஸ்கொட்டியும் மற்ற முக்கிய வீரர்களான குயிக்லியும் பரட்டும் ஒன்றாக ஆடிய முதலாவது பருவ ஆட்டமே ஒக்டோபர் 22ஆம் திகதி அட்லாண்டாவில் நடந்ததுதான், அதை வென்றும் இருந்தார்கள். அதன் பிறகு தோற்றார்கள். டலஸும் ஹூஸ்டனும் தலா 130 புள்ளிகளுக்கு மேல் போட்டன. தடுப்பாட்டம் மோசமாக இருந்தது, நான் மறுக்கவில்லை. பந்து யார் கையில் இருக்க வேண்டும், யார் மூலையில் போய் நிற்க வேண்டும் என்பதே அவர்களுக்கு ஒழுங்காகப் பிடிபடவில்லை. கல்யாணமாகி நான்காம் நாள் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று விவாகரத்துக் கேட்கிற மாதிரியான அவசரம் இதில் என்ன என்றுதான் அன்றும் கேட்டேன்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். ஆனால் "ஆரம்பத்திலேயே சொன்னேன்" என்ற அந்தச் சொல் விடவில்லை. ஒக்டோபர் 27ஆம் திகதி இரவு நம் ஊரில் யார் கூடைப்பந்து பார்த்தார்கள்? 1993ஆம் ஆண்டுக்குப் பிறகு முதற்தடவையாகப் புளூ ஜேஸ் பேஸ்போலின் இறுதித் தொடரான உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்த வாரம் அது. ராப்டர்ஸின் முதல் உள்ளூர் ஆட்டம் 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அதே இரவு, பிரெம்னர் வீதியால் பத்து நிமிடம் நடந்தால் வரும் ரொஜர்ஸ் சென்ரரில் உலகத் தொடரின் முதலாவது ஆட்டம். ராப்டர்ஸ் ஆடும் ஸ்கொட்டியாபாங்க் அரங்குக்குள் இருந்தவர்களே கைப்பேசியில் பேஸ்போல் பார்த்திருப்பார்கள். அதில் குற்றம் எதுவுமில்லை. 27ஆம் திகதி சான் அன்ரோனியோவில் ராப்டர்ஸ் தோற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், லொஸ் ஏஞ்சலீஸில், வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினெட்டு இனிங்ஸ் வரை இழுபட்ட அந்த மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என் வீட்டிலும் பெரிய தொலைக்காட்சி மகனிடம்தான் இருந்தது. நான் சமையலறை மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த ரப்லெட்டில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு ராப்டர்ஸ் பார்த்தேன். பார்க்கச் சகிக்காத ஆட்டம்தான், இருந்தும் கடைசி வரைக்கும் பார்த்தேன்.

அந்தப் பதிவை எழுதியவர் அன்றிரவு முழுவதும் எந்த ஆட்டத்தைப் பார்த்தார் என்பதற்கு அவருடைய பக்கமே சாட்சி. ஒவ்வொரு இனிங்ஸுக்கும் ஒரு படம், அதிகாலை மூன்று மணிக்குக் கண் சிவந்து ஒரு படம். இடையில் பதினொரு மணியளவில் பத்து நிமிடம் ஒதுக்கி, பார்க்காத ஆட்டத்தின் புள்ளி அட்டவணையை மட்டும் வைத்து ஓர் அணியின் ஐந்தாண்டு எதிர்காலத்தை எழுதி முடித்திருக்கிறார். நவம்பர் முதலாம் திகதி புளூ ஜேஸ் ஏழாவது ஆட்டத்தில் 5–4 என்று தோற்றார்கள். (அந்தத் துக்கம் எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது.) அதற்குப் பிறகுதான் நம்மவர்களில் பலர் கூடைப்பந்துப் பக்கம் திரும்பினார்கள். திரும்பிப் பார்க்கும்போது அணி வென்றுகொண்டிருந்தது. உடனே "ஆரம்பத்திலேயே சொன்னேன்".

ஆரம்ப வாரங்கள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்குத் தூரத்துக்குப் போகவே தேவையில்லை. நாம் இப்போது வென்ற அணிகளையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியானா சென்ற பருவத்தை 10–15 என்று தொடங்கியது. அதன் முதன்மை வீரர் ஹாலிபர்ட்டன் நியூயோர்க்கில் எட்டுத் தடவை எறிந்து ஒரு புள்ளியும் எடுக்காமல் திரும்பியது பருவம் தொடங்கிய முதல் வாரத்தில்தான். அவரைப் பற்றி அப்போது என்னவெல்லாம் எழுதினார்கள்! அதே மனிதர் வசந்தகாலத்தில் மில்வாக்கி, கிளீவ்லாந்து, நியூயோர்க், ஒக்லஹோமா என்று ஒவ்வொரு தொடரிலும் கடைசி நொடிகளில் ஆட்டத்தைப் புரட்டிப் போட்டு, அணியை இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார். அந்த ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்ததும் அவர்தான். அதனால்தான் இந்தியானா இந்தப் பருவத்தில் இப்படித் தோற்றுக்கொண்டு கிடக்கிறது. மறுபக்கம் கிளீவ்லாந்து. சென்ற பருவத்தில் முதல் 15 ஆட்டங்களையும் வென்றார்கள், 64 வெற்றிகளோடு முடித்தார்கள், பிறகு இரண்டாம் சுற்றில் அதே இந்தியானாவிடம் 4–1 என்று தோற்று வீட்டுக்குப் போனார்கள். 15–0 என்பதை வைத்தும் 10–15 என்பதை வைத்தும் தீர்ப்பு எழுதியவர்கள் இருவரும் ஒரே மாதிரித்தான் ஏமாந்தார்கள். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. போன ஜூன் மாதம் எல்லோருமாக இருந்து பார்த்ததுதான்.

"அப்படியென்றால் ஒன்பது வெற்றியைக் கண்டு நீங்கள் துள்ளுவது மட்டும் சரியா?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நான் துள்ளவில்லை. 14–5 என்பதும் 19 ஆட்டங்கள்தான். வென்ற அணிகளுக்குள் புரூக்ளினும் வொஷிங்டனும் இருக்கின்றன என்று சிலர் முணுமுணுப்பதும் கேட்கிறது. ஆனால் அதே பட்டியலில் கிளீவ்லாந்தும் இருக்கிறது. இந்தப் பருவத்தில் அவர்களை மூன்று தடவை வென்றாகிவிட்டது. ஆகவே அந்த முணுமுணுப்புக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க நான் தயாரில்லை.

"காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிற ரசிகனுக்கு விமர்சிக்க உரிமை இல்லையா?" என்பது அடுத்தது. தாராளமாக இருக்கிறது. குயிக்லிக்குக் கொடுத்த நீண்ட ஒப்பந்தம் கூடிப்போன ஒன்று என்று நானே எழுதியிருக்கிறேன். ஜூன் மாதம் அணியின் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரியை அனுப்பிய விதம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் இன்னும் என் பக்கத்தில் அப்படியே கிடக்கின்றன. விமர்சனம் செய்தவர் அந்த விமர்சனத்தோடு வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வாடகை கொடுக்காமல் இரவோடிரவாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துப் போடுவார்கள். 2018 ஜூலை 18ஆம் திகதி டிமார் டிரோசனை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்துக் கவாய் லெனர்டை வாங்கினார்கள். ஒன்பது பருவங்கள் இந்த ஊரை விட்டு நகராமல் நின்ற மனிதரை அப்படி அனுப்பியது எனக்குத் தாங்கவில்லை. அன்றிரவு ஏறக்குறைய ஆயிரம் சொற்களில், நன்றி கெட்ட வேலை என்றும், இந்தக் கவாய் ஒரே ஆண்டில் போய்விடுவார் என்றும், இனி இந்த அணியைப் பார்க்கமாட்டேன் என்றும் எழுதினேன். அடுத்த மே மாதம் பிலடெல்பியாவுக்கு எதிராகக் கவாய் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தபோது, இனிப் பார்க்கமாட்டேன் என்று சொன்ன அதே ஆள் சோபாவுக்கு மேலே ஏறி நின்றேன். ஜூன் 13ஆம் திகதி கிண்ணம் வந்தது. அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் முகநூல் அதை நினைவுபடுத்தும், ஒவ்வோர் ஆண்டும் யாராவது சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கவாய் ஒரே ஆண்டில் போய்விட்டார் என்பதையும் இந்த இடத்தில் பதிவுசெய்து வைக்கிறேன்.

அதற்கு முன்னைய காலமும் எனக்குத் தெரியும். இந்த அணி முதல் பருவத்தில் 21 ஆட்டங்களை வென்று 61 ஆட்டங்களில் தோற்றது. அப்போது, இன்று ரொஜர்ஸ் சென்ரர் என்று சொல்கிற ஸ்கைடோமில்தான் ஆடினார்கள். கூடைப்பந்துக்குக் கட்டிய இடமல்ல. மேல்வரிசையில் இருந்தால் பந்து ஒரு புளியங்கொட்டை அளவில்தான் தெரியும். வேலை செய்த இடத்தில் மேற்பார்வையாளர் இலவசமாகத் தந்த சீட்டில் நானும் அறைநண்பர்கள் இருவரும் போய், விதிகளே சரியாகத் தெரியாமல் கை தட்டிவிட்டு வந்தோம். அந்த 21 வெற்றிகளில் ஒன்று 1996 மார்ச் மாதம் ஜோர்டனின் சிக்காகோவை 109–108 என்று வென்றது. அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் சிக்காகோ தோற்றதே பத்தில்தான். நான்கு ஆட்டத்தில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் அன்று இருந்திருந்தால் ஆண்டிறுதி வருவதற்குள் அணியையே இழுத்து மூடியிருப்பார்கள்.

இப்போது ஸ்கொட்டி விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மனத்தில் குத்தியது அதுதான். 2021இல் அணிகள் புதிய வீரர்களை வரிசைக்குத் தெரிவுசெய்தபோது நான்காவது தெரிவாக வந்த பையன். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் என்ற விருதை எடுத்தவன். லௌரி போனார், சியாகம் போனார், வன்விலீட் போனார், அனுனோபி போனார். கிண்ணம் வென்ற வீட்டில் சாமான்கள் எல்லாம் போன பிறகு விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டிருந்தவன் இவன். ஓர் ஆண்டு 25 வெற்றி, அடுத்த ஆண்டு 30 வெற்றி. அவ்வளவு தோல்வியிலும் எதிரணியின் பெரியவனை மறிக்கவும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடவும் அவனைத்தான் அனுப்பினார்கள். அவன் எறிவது சரியில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். "விலை இருக்கும்போதே விற்றுவிடுங்கள்" என்று மாட்டுச் சந்தையில் பேசுவது போலப் பேச, நான்கு ஆட்டம் போதுமா?

நவம்பர் முதலாம் திகதி ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்த ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்கு இந்த மிச்சக் கதை தெரியும். கேக் வெட்டியதும் பிறந்தநாள்காரருடைய படங்களை நிறுத்திவிட்டுத் திரையில் ஏழாவது ஆட்டத்தைப் போட்டார்கள். இனிங்ஸ் இடைவேளையில் நான் பேச்சோடு பேச்சாக, நேற்று ராப்டர்ஸ் கிளீவ்லாந்தில் போய் வென்றுவிட்டு வந்தார்கள், கவனித்தீர்களா என்று கேட்டேன். நம்முடைய பதிவாளர், கையில் கிளாஸோடு, மேசை முழுவதற்கும் கேட்கும்படியாக, "அண்ணைக்கு இன்றைக்கும் ராப்டர்ஸ்தான்! ஸ்கொட்டிக்கு அண்ணைதான் அப்புக்காத்து!" என்றார். என்னை அவனுடைய வக்கீலாக்கிவிட்டார். மேசை சிரித்தது. முசுப்பாத்திக்குச் சொன்னதுதான், எனக்கு விளங்கும். கொத்துரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்ற என் மகனும் சிரித்தான். எட்டு வயதில் நான் தோளில் தூக்கிக்கொண்டு வெற்றி ஊர்வலத்துக்குக் கூட்டிப்போன பிள்ளை.

"விளையாட்டுத்தானே அண்ணை, இதற்கெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா?" என்று கீழே யாராவது கேட்கப்போகிறீர்கள். விளையாட்டுத்தான். விளையாட்டு என்றால் அழித்திருக்கத் தேவையில்லையே.

தம்பி, அந்தப் பதிவின் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. போடமாட்டேன். இரவு 10.52 என்று நேரம் விழுந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நாளை சனிக்கிழமை சார்லட் அணியோடு ஆட்டம். தோற்றாலும் நான் பார்ப்பேன். வீட்டுக்கு வருவதென்றால் வாருங்கள், இப்போது பெரிய தொலைக்காட்சி என்னிடம்தான் இருக்கிறது.