தனியார் மதிப்பீட்டு அறிக்கை அரசுச் சான்றிதழ் ஆகாது

‘தனியார் மையத்தில் மூளை ஸ்கேன் எடுத்தால் ஆட்டிசமா இல்லையா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும், அந்த அறிக்கையே அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குச் சமம்’ என்றொரு தகவல் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

ஆட்டிசத்தையோ, கவனச்சிதறல், மிகைத் துடிப்பு சார்ந்த ஏடிஹெச்டியையோ உறுதிசெய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. வலிப்பு போன்ற காரணங்களுக்காக மருத்துவர் ஸ்கேன் எழுதித் தரலாம், அது வேறு. பிள்ளை முதல் சொல்லை எப்போது பேசியது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததா என்றெல்லாம் பெற்றோரிடம் பொறுமையாகக் கேட்டும், விளையாடும்போது நேரில் கவனித்தும், ஆசிரியரின் கருத்தைப் பெற்றும்தான் நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள். பதின்வயதினர் என்றால் அவரிடமே பேசுவார்கள். (பழைய ரேங்க் கார்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இங்கே உதவும்.)

சான்றிதழை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிகளே வழங்க முடியும். அச்சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (டிஸ்லெக்சியா போன்றவை) என்பதும் உண்டு. ஏடிஹெச்டி தனியாக இல்லை. தனியார் அறிக்கை துணை ஆவணமாக உதவக்கூடும். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே, மதிப்பீடு செய்யப்போகும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.